மன்னார்க் கரையின் கோட்டைகள்: கட்டியவர்களும் காக்க வேண்டியவர்களும்

(தலைமன்னாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் நாட்டின் புகழ்பெற்ற கோட்டைகளையும் பெருங்கட்டடங்களையும் பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தலைப்பைக் கேட்டதும் சிகிரியா, அனுராதபுரத்துத் தாதுகோபங்கள், காலிக் கோட்டை, யாழ்ப்பாணக் கோட்டை என்று மனம் ஓடும். அவற்றைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, வழிகாட்டிகள் இருக்கிறார்கள், படம் போட்ட அஞ்சலட்டைகள் இருக்கின்றன. இன்று நான் மன்னார் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டப் போவதில்லை. நாம் பஸ்ஸில் போகும்போது தினமும் கடந்து போகிற மன்னார்க் கோட்டை, அரிப்பில் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கும் மாளிகை, இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் பியர் எனப்படும் கப்பல் மேடை, இந்த மூன்றையும் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்நியன் கட்டியது, அவனோடு போகட்டும் என்று இவற்றை நாம் கைவிட்டுவிட்டோம். அது தவறு என்பதே என் கட்சி. திட்டம் போட்டவன் அந்நியன். கல் இந்தக் கடலின் கல். சுமந்த தோள் இந்தக் கரையின் தோள்.

மன்னார்க் கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். பெருநிலத்திலிருந்து தாம்போதி வழியாகத் தீவுக்குள் வருபவரை முதலில் எதிர்கொள்வது அதுதான். 1560-ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அதைக் கட்டினார்கள். அந்த ஆண்டில் கோவாவில் இருந்த அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரிய கப்பற்படையோடு யாழ்ப்பாணத்தின் மீது வந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1544-இல், மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்கள் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையால் கொல்லப்பட்டிருந்தார்கள். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் அன்னையின் ஆலயத்தில் இன்றும் நாம் நினைவுகூருவது அவர்களைத்தான். அந்தப் பழியைத் தீர்க்க வந்ததாகச் சொல்லித்தான் படை வந்தது. அவர்களுடைய வல்லூறுப் பார்வை முத்துக் கடலின் மேல் இருந்ததையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நிலைகொள்ள முடியாமல் திரும்பியவர்கள் மன்னார்த் தீவைப் பிடித்துக்கொண்டு இங்கே கோட்டை எழுப்பினார்கள். அக்கரையில் புன்னைக்காயலில் வடுகர் படையின் தொல்லையில் இருந்த பரதவக் குடும்பங்கள் பலவற்றையும் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அந்தக் கோட்டைச் சுவரின் நிழலில் தொடங்கிய வாழ்வின் தொடர்ச்சி நம்மில் பலருடைய குடும்பங்களிலும் உண்டு.

1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். படையோடு வந்த பால்டேயஸ் என்ற பாதிரியார் 1672-இல் வெளியிட்ட தம் நூலில் மன்னாரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1696-இல் ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். நாற்சதுரம், நாலு மூலையிலும் நாலு கொத்தளம், சுற்றி அகழி என்று இன்று நாம் காணும் வடிவம் அப்படி வந்தது. 1795 ஒக்டோபரில் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. மூன்று கொடிகள் ஏறி இறங்கியிருக்கின்றன. சுவர் அதே சுவர்.

அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தூரத்தில் நின்று பார்த்தால் கறுத்துப் போன மதில், அவ்வளவுதான் தெரியும். சாந்து உதிர்ந்த ஓர் இடத்தில் முகத்தை அருகே கொண்டுபோங்கள். முருகைக்கல்லின் உடம்பு தெரியும். நட்சத்திரம் நட்சத்திரமாகச் சின்னச் சின்னத் துளைகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணச்சாந்து. அதில் சரியாக வேகாமல் மிஞ்சிய சிப்பித் துண்டு ஒன்று நகத்தின் அளவில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கடலில் கிடந்த முருகைக்கல்லை வெட்டிக் கரையேற்றி, சிப்பியையும் முருகையையும் சூளையில் சுட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசிய வேலை அது. வெட்டும்போது முருகைக்கல் மென்மையாக இருக்கும். காற்றுப் பட்டுக் காயக் காய இறுகும். அந்தப் பக்குவம் லிஸ்பனிலிருந்து வந்த அதிகாரிக்குத் தெரியாது. இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வரைபடத்தை அவர் கொடுத்தார். கல்லின் குணத்தை நம்மவர்கள் கொடுத்தார்கள். அவர்களுடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உள்ளே பாழடைந்த தேவாலயத்தில் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. பெயர், ஆண்டு, குலச்சின்னம் எல்லாம் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். முருகைக்கல் சுமந்தவருக்கு அப்படி ஒரு கல் இல்லை.

திருக்கேதீச்சரத்தை இடித்த கற்கள் இந்தக் கோட்டையில் இருக்கின்றன என்று மன்னார் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது; போர்த்துக்கேயர் காலத்தில் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. 1872-இல் ஆறுமுக நாவலர் அதை மீட்டெடுக்கக் குரல் கொடுத்தார். நம் காலத்தில் கருங்கல் திருப்பணி நிறைவேறி 2022-இல் குடமுழுக்கும் நடந்தது. கோயிலை இழந்தவர்களின் வேதனை உண்மையானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டுக் கோட்டையின் பெருமையை மட்டும் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் காரணத்துக்காகக் கோட்டை இடிந்து போகட்டும் என்று நினைப்பதையும் நான் ஏற்க மாட்டேன். கோயிலின் கல் அந்தச் சுவருக்குள் இருக்கிறது என்றால், சுவரைக் காப்பது அந்தக் கல்லையும் காப்பதுதானே! சைவர்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்து நின்று காக்க வேண்டிய கட்டடம் அது.

இனி அரிப்புக்குப் போவோம்.

அரிப்பில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. ஒன்று சிறிய கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்குப் போனது. உலக இலக்கியத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. 1660-இல் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தோழர் ஒருவரோடு காட்டு வழியே தப்பி, அருவி ஆற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்த இடம் இந்த அரிப்புக் கோட்டைதான். 1681-இல் லண்டனில் வெளியான அவருடைய நூல் இலங்கையை ஐரோப்பிய வாசகர் பலருக்கு அறிமுகப்படுத்தியது. அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சுதந்திர மனிதனாகக் கால் வைத்த இடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே இன்று நிற்பவை சில சுவர்கள்.

மற்றது மாளிகை. ஊரில் அதை அல்லிராணி கோட்டை என்போம். இந்த முத்துக் கடலை அல்லி என்ற அரசி ஆண்டாள் என்ற கதை குதிரைமலை வரைக்கும் இந்தக் கரை முழுவதும் இருக்கிறது. ஆனால் இப்போது நிற்கும் கட்டடத்தைக் கட்டியவர் இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த். 1800-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் கட்டி, 1804 அளவில் முடித்தார். முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்கி மேற்பார்வை பார்க்க அவருக்கு ஒரு மாளிகை தேவைப்பட்டது. கிரேக்கக் கோயில்களில் உள்ள டோரிக் பாணித் தூண்களை வைத்துக் கட்டியதால் ஆங்கிலேயர் அதை ‘டோரிக்’ என்றே அழைத்தார்கள். கதையையும் வரலாற்றையும் நாம் மோதவிட வேண்டியதில்லை. ஆளுநரின் பெயரை மக்கள் மறந்துவிட்டு, தங்களுக்கு வேண்டிய ஓர் அரசியை அந்த வீட்டில் குடிவைத்தார்கள் என்பதே எனக்கு மகிழ்ச்சி.

செங்கல்லை வட்டமாக அடுக்கித் தூணாக்கி, அதன்மேல் வெள்ளைச் சாந்து பூசி, கல்தூண் போலத் தோன்றச் செய்திருந்தார்கள். சிறு மேட்டின் விளிம்பில், மேற்கே கடலைப் பார்த்து நின்ற இரண்டு மாடி வீடு. மேல்தளத்தில் நின்றால் முத்துப்பார்கள் இருக்கும் கடல் முழுவதும் கண்ணுக்குள் விழும். இன்று அந்தத் தூண்களில் சாந்து போய்விட்டது. அடுக்கிய செங்கல் தெரிகிறது. செங்கல்லின் விளிம்புகளை உப்புக்காற்று தின்று, ஒவ்வொரு கல்லும் நடுவில் குழிந்து, இடையில் உள்ள சாந்துக் கோடு மட்டும் மெல்லிய வரப்பாக முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. கடல் மேட்டின் அடியை அரிக்க அரிக்க, மேலே உள்ள சுவர் பாளம் பாளமாகக் கீழே விழுகிறது. விழுந்த பாளங்கள் அலைக்குள் கிடக்கின்றன.

எதற்காக அந்த வீடு? முத்துக்காக. அதைச் சொல்லாமல் தூணின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு கூடும் பருவத்தில் வெறும் மணல்வெளியாகக் கிடந்த கரையில் ஓலைக் குடிசைகளால் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளிகாரர் வருவார்கள், அரபுக் குளிகாரர் வருவார்கள், செட்டிமார் வருவார்கள். நள்ளிரவு கடந்து கரைக்காற்று எழும்பும் நேரத்தில் பீரங்கி முழங்க, படகுகள் பாருக்குப் புறப்படும். விடிந்ததும் குளிகாரர் கல்லைக் காலில் கொளுவிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கிச் சிப்பியை வாரிக் கூடையில் போடுவார்கள். மூச்சு முட்டும்வரைதான் நேரம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டி இல்லாமல் எவரும் இறங்க மாட்டார்கள். அரசாங்கமும் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. பின்னேரம் கடற்காற்றில் படகுகள் திரும்பும். கரையில் சிப்பியை எண்ணிக் கூறு போடுவார்கள். 1906-இல் மரிச்சுக்கட்டியில் சலாபம் நடந்தபோது மேற்பார்வை பார்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ் பெற்ற லெனார்ட் வூல்ஃப். அவர் காலத்தில் மூன்று கூறில் இரண்டு கூறு அரசாங்கத்துக்கு, ஒரு கூறு உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவர்களுக்கு. இன்று அந்தச் சலாபங்கள் இல்லை. அவை நடந்ததற்கு எஞ்சியிருக்கும் பெரிய சாட்சி அரிப்பின் அந்தச் செங்கல் தூண்கள்தான். அவை விழுந்துவிட்டால் குளிகாரரின் உழைப்பைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நமக்கு ஒரு சுவர்கூட மிஞ்சாது.

மூன்றாவது, நம் பியர். கோட்டை, மாளிகை என்ற வரிசையில் இரும்பும் மரமுமாக நின்ற ஒரு கப்பல் மேடையை ஏன் சேர்க்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். கட்டடத்தின் பெருமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை. அதன் வழியாக எவ்வளவு பேருடைய வாழ்க்கை போயிற்று என்பதிலும் இருக்கிறது. அந்தக் கணக்கில் இலங்கையில் தலைமன்னார்ப் பியருக்கு ஈடு சொல்லக்கூடியவை மிகச் சில.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 22 மைல் கடலில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, இங்கே மறுபடி ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கலாம். ‘போட் மெயில்’ என்ற பெயரை நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வணிகர், யாத்திரிகர், பாடகர், அரசியல் தலைவர் என்று எத்தனையோ பேர் இந்த மேடையில் கால் வைத்தார்கள். எண்ணிக்கையில் அவர்கள் எல்லோரையும் விட அதிகம் மலையகத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள். அதற்கு முந்திய நூற்றாண்டில் அவர்களுடைய முன்னோர் தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கி, கங்காணியின் பின்னால் மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். பின்னர் அந்த நடை நின்றது; பியரும் ரயிலும் வந்தன; போக்கு நிற்கவில்லை.

பிறகு திசை மாறியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு பிரதமர்கள் தாளில் எழுதினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் திகதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த இரவு பாம்பனிலிருந்து போன ரயிலும் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. அக்கரை மேடை இல்லாமற் போனபின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. மலையகத்தில் பிறந்து, மலையகத்தில் வளர்ந்து, அதைத் தவிர வேறு மண் அறியாத குடும்பங்கள் தகரப் பெட்டியோடும் அம்மி குழவியோடும் இந்தப் பியரில் வந்து நின்று ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறின. கொழுந்து எடுத்துக் காய்த்துப் போன கைகள் இந்தக் கைப்பிடி இரும்பைப் பிடித்துத்தான் நாட்டை விட்டுப் போயின. போர் மூண்டபின், எண்பதுகளின் நடுவில் கப்பல் நின்றது. 1990-இல் ரயிலும் நின்றது. 2015 மார்ச்சில்தான் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் வந்தது. இந்தியப் பிரதமர் மோடி இங்கே வந்து தொடங்கிவைத்தார்.

2023 ஜூலையில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைத்து, அவர்களுடைய பிள்ளைகளும் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்கள். முன்னோர் நடந்த திசையிலேயே நடந்தார்கள். ஒரு சமூகம் தன் வரலாற்றைத் தொடங்குவதற்கு நம் ஊரைத் தேடி வருகிறது! அவர்களுக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்? துருப்பிடித்த இரும்பையும் குப்பையையுமா? கொழும்புத் துறைமுகத்தில் சீமாட்டிகள் இறங்கிய மேடைக்கு இருக்கும் மரியாதை, தொழிலாளர் இறங்கிய மேடைக்கு ஏன் இல்லை?

பாதுகாப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல மனதோடு செய்த காரியம்கூடப் பழைய கட்டடத்தைக் கொன்றுவிடும். நம் பக்கத்தில் சுவரில் ஒரு வெடிப்பைக் கண்டால் உடனே சீமெந்தைக் குழைத்து அப்புகிறோம். புதுக் கட்டடத்துக்கு அது சரி. முருகைக்கல்லுக்கும் பழஞ்செங்கல்லுக்கும் அது எமன். பழைய சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை வாங்கும். அந்த ஈரத்தில் உப்பு இருக்கும். சுண்ணச்சாந்துக்கு மெல்லிய துவாரங்கள் உண்டு. ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். காயும்போது உப்பு கல்லின் உள்ளே மணிமணியாக உறைந்து, உள்ளிருந்து தள்ளும். சில மாரிக்குப் பிறகு சீமெந்து அப்படியே நிற்கும். அதன் பின்னால் இருக்கும் கல் மாவாகிக் கொட்டியிருக்கும். சுண்ணாம்பால் கட்டியதைச் சுண்ணாம்பால்தான் திருத்த வேண்டும். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டுப் பூசிய மேசன்மாரின் கைப்பழக்கம் நம்மிடம் இருந்தது. அதைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இளைஞர்கள் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். இது பழம்பெருமைக்காகச் சொல்வதல்ல. கையில் தொழிலாகவும் நிற்கும்.

ஒரு கணம் மட்டும் மாவட்ட எல்லையைத் தாண்டி, வேறு ஊர்கள் என்ன செய்தன என்று பார்க்கலாம். காலிக் கோட்டையை 1988-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அது நன்றாக இருப்பதற்கு முதற் காரணம், அதற்குள் மக்கள் குடியிருப்பது. கூரை ஒழுகினால் அன்றே பார்க்க ஆள் உண்டு. தரங்கம்பாடியில் 1620-இல் டென்மார்க்காரர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டையைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டையோ போரில் சிதைந்தது; உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் தரைமட்டமாயிற்று; பிறகு நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைத் திருத்தியிருக்கிறார்கள். இடிந்த பின் திருத்துவதற்கு ஆகும் செலவில் ஒரு பங்குகூட, இடியாமல் காப்பதற்கு ஆகாது.

அதனால் இன்று இந்த மேடையில் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். அரிப்பு மாளிகைதான் முதல். அது ஒவ்வொரு மாரியிலும் குறைந்துகொண்டே வருகிறது. கடலரிப்பைத் தடுக்க மேட்டின் அடியில் கல்லணை வேண்டும். அது தொல்பொருள் திணைக்களமும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை, தனித்தனியே எழுதும் கடிதங்களால் ஆகாது. அணை வரும்வரை காத்திருக்காமல், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தூணையும் சுவரையும் அளந்து, படம் எடுத்து, வரைந்து வைத்துவிட வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. நம் பாடசாலைகளின் உயர்தர மாணவர்களும் ஓர் அளவை நாடாவும் ஒரு நல்ல ஆசிரியரும் போதும். அடுத்தது மன்னார்க் கோட்டை. அங்கே சீமெந்து வேலை ஒன்றும் வேண்டாம். சுவரில் வேரோடும் ஆலங்கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கி எடுத்தாலே பாதிக் காவல் ஆயிற்று. மூன்றாவதாக, நம் பியரில் வந்தவர்களையும் போனவர்களையும் பற்றி மூன்று மொழியிலும் எழுதிய ஒரு பலகை வைக்க வேண்டும். அதற்கு வேண்டிய செய்தியை மலையகத்துக்கும், அக்கரையில் குடியேறியவர்களுக்கும் எழுதிக் கேட்டு, அவர்கள் கையாலேயே எழுதி வாங்க வேண்டும்.

வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை அரிப்புக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள். அந்தத் தூண்கள் நிற்கும்போதே கூட்டிப்போங்கள்.